புங்க மரத்தடியில் கட்டிய வேகம்

சந்தை நாள் காலையில், பச்சை வண்டியின் படிக்கட்டு வரைக்கும் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தபோது, வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம் மறைந்து நின்ற போலீஸ்காரர்கள் கையைக் காட்டி நிறுத்தி, டிரைவர் வெள்ளிங்கிரியைக் கீழே இறங்கச் சொல்லி, அவருடைய சீட்டுக்கு அடியில் கையை விட்டு அவருடைய வேகத்தை வெளியே இழுத்தார்கள். அந்த வருஷம் நடைமுறை அப்படித்தான். அதற்கு முன்னால் லைசென்ஸைப் பிடுங்கிப் பார்த்தார்கள், டிரைவர்கள் வேறொன்று வாங்கிக்கொண்டார்கள். வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள், முதலாளிகள் யாருக்காவது போன் போட்டு மத்தியானத்துக்குள் ஓட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் வேகத்தையே இறக்கிக் கட்டிவைத்துவிடுவது என்று மேலிடத்தில் முடிவாகி, அதற்கென்று தேங்காய் நார்க் கயிறும் கட்டுக் கட்டாக வந்து இறங்கிற்று.

ஸ்பீடு கன்னைப் பிடித்திருந்த சப் இன்ஸ்பெக்டர் தலையாட்ட, ஏட்டு ஒருவர், வேனிலிருந்து ஆட்டை இறக்குகிறவரைப் போல முழங்காலை ஊன்றி, சுருக்கைப் போட்டு, வா வா என்று இழுத்தார். முதலில் வரவில்லை. பிறகு வந்தது. உச்சி வெயிலில் தார் ரோட்டுக்கு மேலே நெளிகிற கானலைப் பிடித்து உருட்டித் திரட்டி, கன்றுக்குட்டி உசரத்துக்கு நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதற்குப் பின்னால் நின்ற பனைமரம் தண்ணீருக்குள் தெரிகிற மரத்தைப் போல ஆடிற்று, பிரேக் கருகிய வாடை அடித்தது, கயிறு விறைத்து நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார்கள். பார்க்காத ஒரே ஆள் வெள்ளிங்கிரி. அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்து நின்றார். பின்னால் வருகிற மஞ்சள் வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது, அடுத்த நிறுத்தத்து ஆட்களை அவன் ஏற்றிவிடுவானா என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. தனியார் பஸ் ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பார்வை பழகிப்போன ஒன்று. பிள்ளை பிறந்திருக்கிறது என்று சொன்னாலும் மஞ்சள் வண்டி எங்கே என்றுதான் பார்ப்பார்கள்.

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஓட்டுநர் விழிப்புணர்வு வகுப்பு வெப்பாங்க. உக்காந்து கேட்டுட்டு, உங்களுதை நீங்களே அடையாளம் காட்டி அவுத்துட்டுப் போங்க" என்றார் சப் இன்ஸ்பெக்டர். "நல்லாப் பாத்து வெச்சுக்கங்க. அப்புறம் எங்களைக் கேக்கக் கூடாது."

"என்னுது எனக்குத் தெரியாதுங்களா" என்று சொல்லிவிட்டு, வெள்ளிங்கிரி திரும்பிப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் பச்சை வண்டி சைக்கிளைப் போலப் போயிற்று. வெள்ளிங்கிரி மிதித்தார், எஞ்சின் கத்திற்று, புகை வந்தது, வண்டி மட்டும் நகர்ந்து நகர்ந்து போயிற்று. சோளத்தட்டு ஏற்றிய டிராக்டர் முந்திற்று, அதற்குப் பின்னால் கோழிக் கூண்டு கட்டிய மொபெட் முந்திற்று, தாரை தப்பட்டையோடு பூ இறைத்துக்கொண்டு ஒரு சாவு ஊர்வலமும் முந்திற்று.

"ஏனுங் டிரைவரு, செத்தவங்ககூட நம்மளைத் தாண்டிப் போறாங்களே, பாத்தீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்."

"ரொம்ப சந்தோசமுங்க. அப்படியே அவிய கூடவே போய்ச் சேருங்க."

அந்தச் சீமையில் வசவுக்குக்கூட மரியாதை உண்டு. நாசமாப் போங்க என்பார்கள், உங்க கை வெளங்காமப் போயிருமுங்க என்பார்கள், காறித் துப்பினாலும் அந்த 'ங்க' சேர்ந்துதான் விழும். அத்தனை வருஷமாக முறைக்கப் பயந்துகொண்டிருந்தவர்கள், வெள்ளிங்கிரியின் வேகம் இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக வந்து மரியாதையாகத் திட்டிவிட்டுப் போனார்கள். நிறுத்தாமல் போன நிறுத்தங்களில் நின்றவர்கள், ஓடி வந்து படியில் கால் வைத்தும் விழுந்தவர்கள், புழுதியைத் தின்றவர்கள், சேற்றை வாங்கிக்கொண்டவர்கள் எல்லாருக்கும் இப்போது பேச நேரம் இருந்தது. வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டு ஜன்னல் வழியாகத் திட்டினார்கள்.

கண்டக்டர் தாமோதரன் மட்டும் "மிதிங்கண்ணா, சித்த மிதிங்கண்ணா" என்று கெஞ்சிக்கொண்டே வந்து, ஒருநாள் அதுவும் நின்றுபோய், பின் படிக்கட்டில் உட்கார்ந்து தூங்கத் தொடங்கினான்.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. "வகுப்புக்குப் போங்க, வேகத்தோட வாங்க. அதில்லாம வந்தீங்கன்னா உங்க சீட்டுல வேற ஆள் உக்காந்திருப்பான். எனக்கு உங்க மேல வருத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார். அந்தச் சீட்டைத் தவிர வெள்ளிங்கிரிக்கு வேறு இடம் கிடையாது. கீழே நின்றால் அவர் குள்ளமான, காது சற்று மந்தமான, சாதிசனத்தில் யாரும் கூப்பிட்டு முன்னால் உட்கார வைக்காத ஆள். அந்தச் சீட்டில் ஏறி, ஏர் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினால், கார் வைத்திருக்கிற தறி முதலாளிகூட மண்ணில் இறங்கி வழிவிடுவார். அதற்காகவே பிறந்தவரைப் போல அவர் இருந்தார்.

வேகம் போனது ஓட்டும்போது மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார், அதுவும் பொய்யாயிற்று. நாளாக நாளாக மந்தம் உடம்புக்குள் இறங்கிற்று. காலையில் ஒரு கன்னத்தில் சவரம் தொடங்கினால், மறு கன்னத்துக்கு வருவதற்குள் முதல் கன்னம் முளைத்துவிட்டது. தலையில் ஊற்றிய தண்ணீர் தோளுக்கு வருவதற்குள் காய்ந்தது. அவர் மனைவி ருக்குமணி சோற்றைப் போட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்க் களையெடுத்துவிட்டு வந்து பார்த்தால், அப்போதுதான் ரசத்துக்குக் கையை நீட்டியிருப்பார். "ஈ மொய்க்குதுங்க" என்று விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

இதற்குள் டவுனில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கொல்லையில் பிடிபட்ட வேகங்கள் சேர்ந்துகொண்டே வந்தன. துருப்பிடித்த ஆட்டோக்களுக்கும் டயர் இல்லாத லாரிக்கும் நடுவே ஒரு பெரிய புங்க மரம், அதைச் சுற்றிலும் கட்டியிருந்தார்கள். பிடித்துவந்த அன்றைக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்தன. கட்டிப்போட்டுச் சில நாள் போனபிறகுதான் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒரு முகம், ஒரு நடை வந்தது. முதல் வாரம் ஜனங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் உள்ளே வந்தார்கள். அப்புறம் அது அவர்களுக்குப் புழங்குகிற இடமாகிவிட்டது. பின் தெருப் பெண்கள் ஈரத்துணியைக் கொண்டுவந்து வேகங்களுக்கு முன்னால் பிடித்தார்கள், உதறுவதற்குள் காய்ந்தது. டீக்கடைக்காரர் பாய்லரைக் கொல்லைக்கே நகர்த்திக்கொண்டார், டீ ஆற்றுகிற வேலை மிச்சம். மிளகாய் காயப்போட்டார்கள், தூற்றாத கொள்ளுப் பயறைக் கொண்டுவந்து தூற்றிக்கொண்டு போனார்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் கிரைண்டருக்கு ஒன்றை வாடகைக்குக் கேட்டு விண்ணப்பம் கொடுத்தார்கள், ஆபீஸர் விதியில் இடமில்லை என்று எழுதினார். வாட்ச்மேன் பழைய டயரைத் துண்டு போட்டு டீசலில் நனைத்து வைத்தால் தின்கிறது என்று கண்டுபிடித்தார். யாரோ ஒரு மாட்டு வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, எல்லாம் ஆரோக்கியமாக இருக்கின்றன, ஆனால் நடக்கவிட வேண்டும் என்றார்.

எல்லாவற்றிலும் அழகாக ஒன்று இருந்தது. நீளமாக, வழவழப்பாக, வெள்ளிக் கெண்டையைப் போலப் பளிச்சென்று, சத்தமே இல்லாமல் கயிற்றின் வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும். பிள்ளைகள் அதன் மேல் கையை வைத்துவிட்டு ஓடினார்கள். யாரும் கிட்டப் போகாத ஒன்றும் இருந்தது. மரத்தின் பின்பக்கம், வேரோடு வேராக ஒடுங்கிக் கிடக்கும். கறுத்த கலங்கல் நிறம், கருகிய வாடையோடு புளித்த பால் வாடையும் சேர்ந்து அடிக்கும். பக்கத்தில் போனால் சீறும். வாட்ச்மேனின் முழங்கையை இழுத்துச் சதையைப் பெயர்த்துவிட்டது. துணி காயப்போட வந்தவர்கள் அதைப் பார்த்துக் கல்லை எடுத்து வீசிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்கள்.

வகுப்பு நாள் வந்தது. நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் வேகம் இழந்தவர்கள் என்பதால், பேர் கூப்பிட்டு முடியவே வெயில் ஏறிவிட்டது. வகுப்பெடுத்தவர் எஸ்தர் என்ற மோட்டார் வாகன ஆய்வாளர். அவர் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுத் திரும்பினால்தான் "இருக்கறனுங்க" என்று பதில் வரும்.

வெள்ளிங்கிரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மாரப்பன், பால் டேங்கர் ஓட்டுகிறவர்.

"நீங்க பச்சை வண்டிதானுங்களே?"

"ஆமாங்க."

"என்ற சைடு கண்ணாடி ரெண்டும் உங்க வண்டியிலதான் ஒட்டியிருக்கும். சௌக்கியமா இருக்குதுங்களா?"

"நீங்க ரோட்டை வீட்டு வாசல்னு நெனச்சு ஓட்டுனா கண்ணாடி போகத்தான் செய்யும்."

"சரியாச் சொன்னீங்க. உங்களை இப்படி ஒக்கார வெச்சுப் பாக்கறதுக்கே நான் பிடிபட்டேன்னு நெனச்சுக்கறேன்."

திரையில் படம் போட்டார்கள். நொறுங்கிய வண்டிகள், பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்கிற கோடுகள், வளைவுகள். எஸ்தர் சத்தம் போடாமல், யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார். பிறகு எல்லாரும் கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றார். கைகள் எழுந்து நேராவதற்கே வெகுநேரம் ஆயிற்று. அதற்கப்புறம், பாதிக்கப்பட்டவர் ஒருவர் பேசுவார் என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தார். ஊன்றுகோலைத் தரையில் குத்திக் குத்தி, இடுப்பை ஒருபக்கம் இழுத்துக்கொண்டு, நொச்சிப்புதூர் பாவாத்தாள் உள்ளே வந்தாள்.

வெள்ளிங்கிரி தலையைத் திருப்ப நினைத்தார். திரும்புவதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

நொச்சிப்புதூர், டவுனுக்கும் வெள்ளிங்கிரியின் ஊருக்கும் நடுவே, ரோட்டை ஒட்டிக் கிடக்கிற ஊர். பச்சை வண்டி அங்கே நின்றதாக யாரும் சொன்னதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மொபெட்டின் இரண்டு பக்கமும் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பாவாத்தாளைப் பச்சை வண்டி கடந்தது. கடந்த காற்றில் மொபெட் பறந்து, அவள் ஓடைக்குள் விழுந்து, இடுப்பு முறிந்தது. பஸ்ஸில் ஒரு கீறல் இல்லை. ஊர்க்காரர்கள் ரோட்டை மறித்தார்கள், பேச்சுவார்த்தை நடந்தது, வெள்ளிங்கிரி மாரியம்மன் கோயிலில் எல்லார் முன்னாலும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, என் வண்டி அந்தம்மாவைத் தொடவில்லை என்று சத்தியம் செய்தார். அது உண்மையாக இருந்ததால் கை சுடவில்லை. அத்தோடு விஷயம் முடிந்தது என்று எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

பாவாத்தாள் மைக்கை வாங்கவில்லை.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. மேடம் வரச் சொன்னாங்க, வந்தேன். நான் விழுந்ததைச் சொல்லச் சொன்னாங்க. பஸ்ஸு என்னையத் தொடலீங்க. டிரைவரு சத்தியம் பண்ணாரு, நான் ஆஸ்பத்திரிக் கட்டுல்ல கெடந்துட்டுக் கேள்விப்பட்டேன், பொய்யின்னு நான் சொல்லலை. பஸ்ஸுக்கு முன்னால ஒண்ணு வந்துது. அதுதான் தள்ளுச்சு. தள்ளிட்டுப் பேசாமப் போயிருக்கலாம், ஓடைக்குள்ள எறங்கி, என்ற மூஞ்சிகிட்ட மூஞ்சிய வெச்சுப் பாத்துட்டு, கேனு மூடியக் கவ்விட்டுப் போச்சு. இடுப்பு ஒடஞ்சு கெடக்கறவ வேற எதைப் பாக்கறது? நல்லாப் பாத்து வெச்சிருக்கறேன். இன்னைக்கு வந்தாலும் காட்டுவேன்."

யாரும் கை தட்டவில்லை. மாரப்பன் மட்டும் வெள்ளிங்கிரியின் பக்கம் குனிந்து, "நம்ம வண்டிக எப்பவும் எதையும் தொடறதில்லீங்களே" என்றார்.

அடையாளம் காட்டுகிற நேரம் வந்து, எல்லாரையும் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். துணி காயப்போட்டவர்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள், டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றார், பாவாத்தாளோடு வந்திருந்த நொச்சிப்புதூர் ஜனங்கள் காம்பவுண்டுச் சுவரில் வரிசையாக ஏறி உட்கார்ந்தார்கள். வெள்ளிங்கிரி கொல்லையைப் பார்த்தார். பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக் கெண்டையைப் போன்ற அந்த நீளம், அந்த வழவழப்பு, சத்தமில்லாமல் போகிற அந்தப் போக்கு. இத்தனை வருஷமும் சீட்டில் உட்கார்ந்து, இப்படித்தான் இருக்கும் என்று மனசுக்குள் பார்த்துவந்ததே அதுதான். மற்றவர்களை ஒதுக்கிக்கொண்டு, அந்த நிலைமையிலும் முதலாவதாக, அதன் கயிற்றில் கையை வைத்தார்.

அது அவர் கையை முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கிற்று. திரும்ப இழுத்தார். இன்னும் பின்வாங்கி, தலையைத் திருப்பி, மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்த மாரப்பனின் காலடியில் போய் நின்றுகொண்டது.

"வீட்டு வாசல்ல ஓட்டுனதுங்க" என்றார் மாரப்பன். "அன்னைக்கு ஒருநாள்தான் எட்டி மிதிச்சேன். பேத்திக்குக் காச்சல்."

சுவரின் மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெள்ளிங்கிரி அடுத்ததிடம் போனார், அதை ஸ்கூல் வேன்காரர் அவிழ்த்தார். அதற்கடுத்ததைக் காரோடு பிடிபட்டிருந்த தறி முதலாளி அவிழ்த்தார். ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடிக்கப் பிடிக்க அவர்களுக்கு உடம்பில் ரத்தம் ஓடிற்று, நிமிர்ந்தார்கள், பேச்சு வேகமாயிற்று, வாட்சைப் பார்த்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் புங்க மரத்தின் பின்பக்கம் வேரோடு ஒடுங்கிக் கிடந்தது மட்டும் மிச்சமாயிற்று.

"பின்னால பாருங்க" என்றாள் பாவாத்தாள். "அதுதானுங்க உங்களுது."

வெள்ளிங்கிரி மரத்தைச் சுற்றிக்கொண்டு போனார். அது சீறிற்று. கல் பட்ட இடங்களில் கன்றிப்போயிருந்தது. வாய் என்று சொல்லக்கூடிய இடத்தில் அலுமினிய மூடி ஒன்றை இன்னும் கவ்விக்கொண்டிருந்தது. அதனுள்ளே ஒரு நாய்க்குட்டியின் கழுத்து மணியும், கோழி இறகுகளும், யாருடையதோ ஒற்றைச் செருப்பும், தண்ணீருக்குள் கிடப்பவை போலச் சுழன்றன. அது வெள்ளிங்கிரியின் வாடையைக் கண்டதும் சீறலை நிறுத்தி, எழுந்து நின்று, மெல்லத் தலையைத் தாழ்த்திற்று. அங்கே நின்றவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

எஸ்தர் பக்கத்தில் வந்தார். "பழைய விஷயம் முடிஞ்சு போச்சுங்க. யாரும் கிளறப் போறதில்லை, கேஸ் ஒண்ணும் வராது. என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அவுத்துட்டுப் போங்க. நாளைக்கு வண்டியில ஏறலாம்."

ஒரே வார்த்தைதான். அதைச் சொன்னால் சீட்டு உண்டு, ஏர் ஹாரன் உண்டு, மஞ்சள் வண்டி பின்னால் வரும். வெள்ளிங்கிரி சுவரைப் பார்த்தார். நொச்சிப்புதூர் முழுக்க அங்கே உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊன்றுகோலில் இரண்டு கையையும் வைத்து பாவாத்தாள் நின்றாள். அவள் முகத்தில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. சந்தையில் விலையைச் சொல்லிவிட்டு நிற்கிறவளைப் போல நின்றாள். இவளுக்கு முன்னால், இந்தப் பீடைக்கு முன்னால், இதுவா நான் என்று அவருக்கு ஆத்திரம் மூண்டது.

"என்ற வேகம் இப்படி இருக்காதுங்க" என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இது என்னுதில்லை."

அது மறுபடி படுத்துக்கொண்டது. பாவாத்தாள், "அப்ப எனக்குக் குடுங்க மேடம்" என்றாள். உரியவர் இல்லாததை ஊருக்குக் கொடுக்கலாம் என்று விதியில் எங்கோ இருந்தது. அவள் ஊன்றுகோலை ஒரு கையிலும் கயிற்றை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். அது முரண்டு பிடிக்கவில்லை. இடுப்பு இழுத்து நடக்கிறவளின் நடைக்குத் தகுந்த மாதிரி, நின்று நின்று, பின்னாலேயே போயிற்று.

அதை என்ன செய்வது என்று ஊரில் கூடிப் பேசினார்கள். கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிடலாம் என்றார்கள், எலக்ட்ரிக் டவர் காலில் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்றார்கள், கோயில் நோம்பியில் வெட்டலாம் என்று பூசாரி சொன்னார். பாவாத்தாள் எல்லாரையும் பேசவிட்டுவிட்டு, எருமைகளுக்குப் பக்கத்தில் ஒரு முளைக்குச்சி அடித்து அதில் கட்டினாள். எருமைகள் ஒரு நாள் கறவை மறந்து நின்றன, மறுநாள் பழகிவிட்டன. அவள் அதைக் கொண்டு துணி காயப்போடவுமில்லை, கொள்ளு தூற்றவுமில்லை. டயர்த்துண்டை நனைத்துப் போட்டாள், தண்ணீர் காட்டினாள், வாயில் இருந்த மூடியைப் பிடுங்கவில்லை.

பச்சை வண்டியில் வேறு டிரைவர் ஏறினான். வெள்ளிங்கிரி ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து வீட்டுக்குக் கிளம்பியவர், கேட்டை எட்டுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தாமோதரன் வண்டியை நிறுத்தி, "ஏறுங்கண்ணா" என்று கையைக் கொடுத்தான்; அவர் காலைத் தூக்கிப் படியில் வைப்பதற்குள் உள்ளே இருந்தவர்கள் இரண்டு தரம் டிக்கெட் எடுத்தாயிற்று என்று கத்தினார்கள், அவனும் விசில் கொடுத்துவிட்டான். அவர் நடந்தார். ருக்குமணி தினமும் தூக்குப்போசியில் சோற்றை எடுத்துக்கொண்டு, இன்றைக்கு எது வரைக்கும் வந்திருக்கிறார் என்று ரோட்டோரமாகத் தேடிக்கொண்டு வருவாள். ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, கொசுவலையை மேலே போட்டுவிட்டுப் போவாள். பெட்ரோல் பங்கைத் தாண்டுவதற்குள் கார்த்திகை போயிற்று. ரைஸ் மில் வாசலில் பொங்கல் வந்தது. வெயில் ஏறி, வேம்பு பூத்தபோது நொச்சிப்புதூருக்கு வந்து சேர்ந்தார். அவர் ஊருக்குப் போகிற மண் தடம் ரோட்டின் அந்தப் பக்கம் பிரிகிறது. அதனால், பாவாத்தாள் வீட்டுக்கு நேர் எதிரே, ரோட்டைக் கடக்கக் காலை எடுத்து வைத்தார்.

அன்றிலிருந்து நொச்சிப்புதூரில் எல்லா வண்டிகளும் நின்றுதான் போகின்றன. மஞ்சள் வண்டி நின்றது, தறி முதலாளியின் கார் நின்றது, பச்சை வண்டி பிரேக் அடித்து நின்று, ஹாரனை அழுத்தி, புது டிரைவர் தலையை நீட்டி, "ஏனுங்க பெரியவரே, உங்களுக்குச் சாக வேற எடமே கெடைக்கலீங்களா" என்று கேட்டுவிட்டு, ஒதுங்கி ஊர்ந்து போனான். நிற்கிற பஸ்ஸில் ஊர்க்காரர்கள் ஏறிக்கொண்டார்கள், நிறுத்தக்கம்பத்தையே அவருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளை அவருடைய நிழலில்தான் கடத்திவிட்டார்கள். யாரோ அவர் வேட்டியில் கறுப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட் பட்டை அடித்துவிட்டுப் போனார்கள், பொழுது சாய்ந்தால் காலடியில் ஒரு சிவப்பு லாந்தரை வைத்தார்கள். இவ்வளவும் செய்தவர்களில் ஒருவர்கூட, சாப்பிட்டீங்களா என்று அவரைக் கேட்கவில்லை.

ஒருநாள் சோறு ஊட்ட வந்த ருக்குமணி, போசியை வைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். அவர் முகம் பாவாத்தாள் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. உதடுகள் பிரிந்திருந்தன. சோற்றுக்காகத் திறந்த வாயாக அது இல்லை. என்னமோ பேசப் போகிறார். செய்தி ஊருக்குள் போயிற்று. என்னுதுதான் என்று சொல்லப்போகிறார் என்றார்கள் சிலர், அந்த ஆள் வாயில் அது வராது, நம்மையெல்லாம் திட்டத்தான் வாயைத் திறக்கிறார் என்றார்கள் சிலர். வேலைக்குப் போகிறவர்கள் காலையிலும் மாலையிலும் ஒருதரம் அவர் வாயைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ருக்குமணி ரோட்டைக் கடந்து பாவாத்தாளின் மாட்டுச்சாளைக்குப் போனாள்.

"அக்கா, அதை அவுத்து விட்டுருங்க. தானா வந்து சேந்துக்கும். அவருக்குச் சொல்லத் தெம்பில்லீங்க."

"அவுக்கறதுக்கு நான் யாருங்க? அது என்னுதா?"

"பேருக்குக் கட்டி வெச்சுட்டுப் பட்டினி போட்டாக்கூடப் பரவால்லைங்க. தெனமும் தீனி வெக்கறீங்களே, அவரு மேலயே ஏவி விடறதுக்கோன்னு எனக்குப் பயமா இருக்குது. அதை எதுக்குங்க வளத்தறீங்க?"

பாவாத்தாள் டயர்த்துண்டுகளைத் தொட்டியில் கொட்டினாள். அது எழுந்து வந்து அவள் கையை முகர்ந்தது. முன்பைவிட இளைத்திருந்தது.

"பாசத்துலயா வளத்தறேன்? இது செத்துப்போச்சுன்னா, அப்புறம் என்னுதுன்னு சொல்றதுக்கு அந்தாளுக்கு ஒண்ணும் இருக்காதுல்லீங்க" என்றாள். "நான் இதைச் சாக விடமாட்டேன். நீங்களும் அவரைச் சாக விட்டுராதீங்க. ஒழுங்காச் சோறு போடுங்க."

ருக்குமணி போசியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். பாவாத்தாள் கையைக் கழுவிவிட்டு, பால் கறக்கிற முக்காலியைத் தூக்கிக்கொண்டு, ஊன்றுகோலைக் குத்திக் குத்தி அவள் பின்னாலேயே வந்து, வெள்ளிங்கிரிக்கு எதிரே ரோட்டோரத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவருடைய வாயைப் பார்க்கத் தொடங்கினாள். பின்னால் பச்சை வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. ருக்குமணி சோற்றைப் பிசைந்து, ஒரு உருண்டையை எடுத்து, ஊட்டினால் பேச்சு தடைப்பட்டுவிடுமோ என்று கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். அவர் நாக்கு அசைந்ததைப் போலத்தான் இருந்தது.